உதாரணத்துக்கு ஒரு எண்

அவருடைய போன் அடிக்காது. பழுது ஒன்றும் இல்லை, நல்ல போன்தான், கண்ணாடி மேல் ஒட்டி வந்த தாளைக்கூட அவர் இன்னும் உரிக்கவில்லை. கூப்பிட ஆள் இல்லை, அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. வேண்டாம் என்று இருந்தவர் இல்லை. இந்த வருஷம் பார்க்கலாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனதில், பெண் பார்க்க வேண்டியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முதலில் அப்பா, பிறகு அம்மா. மிச்சம் ஒரே ஒரு அக்கா. அவளும் மகனோடு கடல் தாண்டிப் போய்விட்டாள். தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூப் படம் அனுப்புவாள், கீழே 'காலை வணக்கம்' என்று எழுதியிருக்கும். இவர் ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்புவார். உடன்பிறந்த பாசம் இப்போது பூவும் விரலுமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

வீடு என்று சொல்வது இரண்டாம் மாடியில் ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும். ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு நாற்காலி. இன்னொரு நாற்காலி இருந்தது. அதன் மேல் துணி போட்டுப் போட்டு அது நாற்காலி என்பதே மறந்துபோய்விட்டது. வாசல் மணியை மாட்டி வருஷக்கணக்காகிறது. அதன் சத்தம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

அலுவலகத்தில் முகத்துக்கு நேரே 'விளக்கம் சார்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'விளக்கெண்ணெய்'. அது அவருக்கும் தெரியும். ஒரு வரியில் சொல்ல வேண்டியதற்கு ஏழு வரி எழுதுகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? தொழிலே அதுதான். துணி துவைக்கும் இயந்திரம், மின்விசிறி, தண்ணீர் மோட்டார் என்று வாங்கும்போது பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் வருமே, அதை எழுதியவர் அவர். யார் படித்தார்கள்? நீங்கள் படித்தீர்களா? பெட்டியோடு சேர்த்துப் பழைய பேப்பர்காரனிடம்தானே போட்டீர்கள். பெற்ற தாயே படிக்கவில்லை. "நீ எழுதினது இருக்கட்டும்டா, இதுல எந்தப் பொத்தானை அமுக்கணும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்தவள் அவள்.

அப்படிப்பட்டவருக்கு ஐம்பது தாண்டியபிறகு ஒரு வாசகர் கிடைத்தார். ஒரு வரி விடாமல் படிக்கிற வாசகர், படித்ததை அப்படியே நம்புகிற வாசகர். மனிதர் இல்லை, அது ஒன்றுதான் குறை.

விஷயம் இதுதான். அவர் வேலை செய்த நிறுவனம் 'காலை விசாரிப்பு' என்று ஒரு சேவை நடத்தியது. தனியாக இருக்கிற வயதானவர்களைத் தினமும் காலையில் போனில் கூப்பிட்டு, எழுந்தீர்களா, சாப்பிட்டீர்களா, மருந்து போட்டீர்களா என்று கேட்க வேண்டும். கூப்பிடுவது ஒரு செயற்கை நுண்ணறிவு. ஏஜென்ட் என்பார்கள் அலுவலகத்தில். அதற்குப் பேசத் தெரியும், யோசிக்கக்கூடத் தெரியும். ஆனால் கை கால் கிடையாது. போன் போடுவதற்கு ஒரு கருவி, பெயரைப் பதிவு செய்ய ஒரு கருவி, உறவினருக்குச் சொல்ல ஒரு கருவி என்று கணினிக்குள்ளேயே இயங்குகிற கருவிகளைப் புரோகிராமர்கள் செய்து கொடுத்திருந்தார்கள். எந்தக் கருவியை எப்போது எடுக்க வேண்டும், எப்போது தொடக்கூடாது, அதற்குள் என்ன விவரம் போட வேண்டும் என்று யாராவது எழுதி வைத்தால்தான் ஏஜென்ட்டுக்குத் தெரியும். புரோகிராமர்கள் எழுதியது 'உறவினரை அழைக்கும்' என்ற இரண்டே சொல். வீட்டுக்கு வந்த முதல் நாள் மருமகளிடம் "அதை எடுத்து இதுல போடும்மா" என்றால் அவள் என்ன செய்வாள் பாவம்? உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டாமா? அதைச் சொல்லத்தான் விளக்கம் சாரைப் போட்டார்கள்.

மனுஷர் உயிரைக் கொடுத்து எழுதினார். எழுதியதை வீட்டுக்குப் போய் சுவரைப் பார்த்து உரக்கப் படித்துப் பார்ப்பார். பக்கத்து வீட்டில் இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுகூட நினைத்தார்களாம். 'மூன்று முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை என்றால் மட்டும் உறவினரிடம் சொல்' என்று எழுதினார். 'பயப்பட வேண்டாம் என்று முதலில் சொல்' என்று எழுதினார். அந்த ஒரு வரிக்கு ஒரு பகல் முழுக்க யோசித்தார். உறவினர் பெயரைப் பதிகிற கருவிக்கு புரோகிராமர்கள் மகன், மகள், மருமகள் என்று ஆறு உறவுமுறை கொடுத்து, இதில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று வைத்திருந்தார்கள். இவர் சண்டைக்குப் போனார். "ஆறுக்குள்ள அடங்குமாய்யா மனுஷன் உறவு?" என்று கேட்டார். கடைசியில் அவர் சொன்னபடி ஆயிற்று: 'உறவுமுறையை அவர்கள் என்ன சொல்லால் சொல்கிறார்களோ அதே சொல்லில் எழுது. நீயாக மாற்றாதே.' அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. அக்காவுக்கு எழுதினார். அவள் ஒரு ரோஜாப்பூ அனுப்பினாள்.

ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு உதாரணம் கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் விதி. உறவினருக்குச் சொல்லும் கருவியில் போன் எண் கட்டாயம், அதற்கும் உதாரணம் வேண்டும். வாய்க்கு வந்த எண்ணைப் போட்டால் அது யாரோ ஒருவருடைய எண்ணாக இருந்து தொலைக்கலாம். ஊரான் வீட்டுப் போனை எதற்கு வம்பில் இழுக்க வேண்டும்? யோசித்துப் பார்த்துவிட்டுத் தன் எண்ணையே எழுதினார். அந்த எண்ணுக்குத்தான் யாரும் கூப்பிடுவதில்லையே, யாருக்கு என்ன நஷ்டம்? பக்கத்தில் உறவுமுறை என்ற இடத்தில், அதுவும் உதாரணத்துக்குத்தான், 'மகன்' என்று போட்டார்.

சேவை தொடங்கிய பிறகு ஒரு விடுமுறை நாள். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். போன் அடித்தது. என்ன சத்தம் என்று முதலில் ஜன்னலைத்தான் பார்த்தார்.

"வணக்கம். காலை விசாரிப்பிலிருந்து பேசுகிறேன். நீங்கள் அவருடைய மகன்தானே?" என்றது ஒரு குரல். "பயப்பட வேண்டாம். உங்கள் அப்பா இன்று காலை மூன்று முறை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. நேரில் போய்ப் பார்க்க முடியுமா?"

அவருடைய அப்பா இறந்து எத்தனையோ வருஷமாகிறது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், ஒரு கணம் அவர் பதறிப்போனார். அப்பா ஏன் எடுக்கவில்லை என்றுதான் மனசு ஓடியது. அடுத்த கணம்தான் 'பயப்பட வேண்டாம்' என்பது தன்னுடைய வரி என்று உறைத்தது. "எந்த அப்பா? அட்ரஸ் சொல்லு" என்றார். குரல் சொன்னது. பஸ்ஸில் போய்விடுகிற தூரம்தான். இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுப் பாதி சுருக்கம் போன சட்டையோடு கிளம்பினார்.

தட்டியதும் கதவைத் திறந்தவர் ஒரு பெரியவர். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும், முழங்கை வரைக்கும் சோப்பு நுரை. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை.

"யாருப்பா நீ?"

"ஐயா, நீங்க போனை எடுக்கலையாமே..."

"போனா? சட்டைப் பையில இருந்துச்சு. சட்டையோட சேர்த்து ஊற வெச்சுட்டேன். இப்பத்தான் பிழிஞ்சேன்." சொல்லிவிட்டுக் கண்ணைச் சுருக்கினார். "அது சரி, உனக்கு யாரு சொன்னா? எனக்கு யாரும் இல்லன்னுதானே எழுதிக் குடுத்தேன்?"

"காலைல ஒரு குரல் பேசுதில்லையா, அதுக்கு எழுதிக் குடுக்குற ஆபீஸ்ல இருந்து வரேன்."

"ஓ! மருந்து போட்டீங்களா, மருந்து போட்டீங்களான்னு உயிரை எடுக்கறது நீதானா? ஏன் தம்பி, தினம் ஒரே கேள்வியா? வேற உருப்படியா எதுவும் கேக்கத் தெரியாதா உனக்கு?"

விளக்கம் சார் தன் வாழ்நாளில் சந்தித்த முதல் விமர்சகர் இவர்தான். பிறகு போனை வாங்கிப் போய்க் கடையில் கொடுத்தார், சரியான பிறகு கொண்டுவந்து கொடுத்தார், வந்ததற்கு ஒரு டீ குடித்தார். இன்னொரு மனிதர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்து எவ்வளவு காலமாயிற்று என்று எண்ணிப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.

மறுவாரம் அலுவலகத்தில் கோளாறைக் கண்டுபிடிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. டிரைவரின் பதிவில் உறவினர் எண் காலி. கருவியோ எண் கட்டாயம் என்கிறது. ஏஜென்ட் என்ன செய்யும்? விளக்கத்தில் உதாரணம் என்று ஒரு எண் கிடக்கிறது, அதை எடுத்துப் போட்டுவிட்டது. எழுதினதை அப்படியே நம்புகிற வாசகர் என்றேன் அல்லவா? திருத்துவது ஒரு வரி வேலை. 'எண் இல்லை என்றால் நீயாக நிரப்பாதே' என்று எழுதி, உதாரண எண்ணை அழித்துவிட்டால் முடிந்தது.

எழுதுவதற்கு முன்னால் மேலாளரிடம் போனார். இவரைவிட இளையவள், கெட்டிக்காரி, எப்போதும் எங்கேயோ போகிற அவசரத்தில் இருப்பாள்.

"மேடம், உறவினர் எண் இல்லாதவங்களுக்கு ஏஜென்ட் என்ன பண்ணணும்?"

"இல்லன்னா விட்டுட வேண்டியதுதான் சார். யாருக்குன்னு சொல்றது? குறிச்சு வெச்சுட்டு அடுத்த ஆளுக்குப் போகட்டும்."

இருக்கைக்குத் திரும்பி வந்தார். திருத்தினால் அந்தப் பெரியவர் போனை எடுக்காத அன்று யாருக்கும் தெரியப் போவதில்லை. திருத்தாவிட்டால் இவருக்காவது தெரியும். அப்படித்தான் தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டார். யாரும் இல்லாதவர்களுடைய அழைப்புதானே நமக்கு வருகிறது, இருக்கிறவர்களுக்கு அவரவர் ஆட்களிடம் போய்விடுகிறதே என்று கணக்குப் போட்டார். திருத்தாமலே கோப்பை மூடிவிட்டார்.

கோபப்பட வேண்டிய இடம் இதுதான். ஒரு நல்ல மனிதர், ஒரு வரி தெரிந்தே தப்பாக இருக்கட்டும் என்று விட்டார். பெரியவர் மேல் இரக்கம் என்றெல்லாம் பூசி மெழுக வேண்டாம். இரக்கம் இருந்தால் மேலாளரோடு உட்கார்ந்து சண்டை போட்டிருக்க வேண்டும், ஆறு உறவுமுறைக்குப் போட்டாரே அந்தச் சண்டை. நிஜமான காரணம் வேறு. காலையில் போன் அடிக்கும், ஒரு குரல் 'நீங்கள் அவருடைய மகன்தானே' என்று கேட்கும். அதைக் கேட்க அவருக்குப் பிடித்திருந்தது. அது இல்லாமல் போய்விடுமே என்று பயந்தார்.

அதன்பின் வாரத்துக்கு ஒன்றிரண்டு அழைப்பு வந்தது. ஒரு முறை ஒரு தையல்கார அம்மாவுக்காக. அவர் குளிக்கப் போயிருந்தார். மற்றதெல்லாம் டிரைவருக்காகத்தான். சார்ஜ் போட மறந்திருப்பார், போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார். இவர் போவார். போனால் டீ. டீ என்றால் பேச்சு. பேசுவது முழுக்க டிரைவர்தான்.

"முப்பது வருஷம் வண்டி ஓட்டினேன் தம்பி. ஒரு தடவை திரும்பிப் பார்த்ததில்ல. எதுக்குப் பார்க்கணும்? பின்னால கண்டக்டர் இருக்கான். யாரு ஏறினான், யாரு இறங்கினான், எவன் தொங்குறான், எல்லாம் அவன் பாடு. ரெண்டு விசில் குடுத்தான்னா ரைட், நான் எடுத்துருவேன். ரிட்டையர் ஆன அன்னிக்கு நடந்து வரேன். ரோட்டைத் தாண்டணும். நிக்கிறேன், நிக்கிறேன், கால் எழும்பவே மாட்டேங்குது. ஒரு ஆள் பார்த்துட்டு, என்ன பெருசு, ஏதாவது பண்ணுதான்னு கேக்குறான். விசில் வரலையேடான்னு எப்படிச் சொல்றது அவன்கிட்ட?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். இவரும் சிரித்தார். ஒரு நாள் கிளம்பும்போது தன் எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தார் விளக்கம் சார். டிரைவர் வாங்கி அலமாரிக் கண்ணாடியில் செருகி வைத்தார். ஒரு நாளும் கூப்பிடவில்லை. "சும்மா இருக்கிறவனை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?" என்பாராம். இவரும் காரணமில்லாமல் போனதில்லை. குரல் சொன்னால் போவார். இரண்டு பேரும் அந்த விஷயத்தில் ஒரே மாதிரி மண்டூகங்கள்.

பிறகு அந்த நாள் வந்தது. அலுவலகத்தில் காலையிலேயே கூட்டம். மேலாளர் எல்லோர் முன்னாலும் இவர் எழுதிய விளக்கங்களைப் பெரிய திரையில் போட்டு, "இப்படித்தான் எழுதணும், பார்த்துக்குங்க" என்றாள். கை தட்டினார்கள். விளக்கெண்ணெய் என்று பெயர் வைத்த புரோகிராமரே தட்டினான். இருக்கைக்குத் திரும்பி, மேசை இழுப்பறையில் வைத்திருந்த போனை எடுத்தார். நான்கு மிஸ்டு கால். ஒரு நொடி, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அவருக்குச் சந்தோஷம்தான் வந்தது. நான்கு முறை தேடியிருக்கிறார்களே!

அது டிரைவருக்காக வந்த அழைப்பு இல்லை. பதிவைத் திறந்து பார்த்தார். ஒரு ரிட்டையர்டு டீச்சர், ஊரின் மறுகோடி. உறவினர் எண் காலி. கீழே குறிப்பு என்ற இடத்தில் யாரோ ஒரு பணியாளர் அடித்து வைத்திருந்தார்: 'மகள் போன் மாற்றிவிட்டார். புது எண் இது.' அந்த இடத்தையும் பார் என்று ஏஜென்ட்டுக்கு யாரும் எழுதவில்லை. எழுத வேண்டியவர் இவர். அது தேடியது, காலி, உதாரணத்தை எடுத்துப் போட்டது.

மகளுக்கு அவரே போன் போட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். "அம்மாவைப் போய்ப் பாருங்கம்மா, இப்பவே" என்றார்.

டீச்சர் குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. விடிந்ததிலிருந்து மதியம் நெருங்கும்வரை ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். உயிருக்கு ஒன்றும் இல்லை.

மறுநாள் மகள் அலுவலகத்துக்கு வந்தாள். கத்துவாள் என்று எல்லோரும் தயாராக இருந்தார்கள். அவள் கத்தவில்லை. மேலாளருக்கு எதிரே உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசினாள்.

"எங்க வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் நடுவுல ரெண்டு தெரு மேடம். ரெண்டே தெரு. ஒரு போன் வந்திருந்தா ஓடியிருப்பேன். எங்கம்மா தரையில கிடந்துக்கிட்டு போன் அடிக்கிறதைக் கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. கை எட்டல. எனக்கு எப்படியும் சொல்லிருவாங்க, பொண்ணு வந்துருவான்னு நினைச்சுக்கிட்டே கிடந்திருக்காங்க. எனக்கு ஏன் சொல்லல?"

"சிஸ்டத்துல ஒரு சின்னக் கோளாறும்மா, நாங்க பார்த்துக்கிட்டு இருக்கோம்" என்று மேலாளர் ஆரம்பித்தாள்.

"சிஸ்டம் இல்ல மேடம்" என்றார் விளக்கம் சார். சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். "அந்தப் போன் எனக்கு வந்துச்சும்மா."

"உங்களுக்கா? உங்களுக்கு எதுக்கு?"

"உதாரணத்துக்குன்னு என் நம்பரைப் போட்டிருந்தேன். அது அங்கதான் கூப்பிடுதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் அந்த நம்பரை அழிக்கல."

"ஏன்?"

"என்னைக் கூப்பிட வேற யாரும் இல்லம்மா" என்றார்.

அந்தப் பெண் அவரை நன்றாகப் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை, அது இருந்திருந்தால் தாங்கியிருப்பார்.

"அதுக்கு எங்கம்மாதான் கிடைச்சாங்களா சார்?" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

அன்று சாயந்திரத்துக்குள் திருத்திவிட்டார். உதாரண எண்ணை அழித்தார். 'எண் இல்லை என்றால் நீயாக நிரப்பாதே. குறிப்புப் பகுதியையும் பார். அங்கேயும் இல்லை என்றால், இவருக்கு உறவினர் இல்லை என்று அலுவலகத்தில் பொறுப்பில் இருப்பவரிடம் உடனே சொல். அவர் ஆள் அனுப்பும்வரை விடாதே' என்று எழுதினார். அதற்கு ஆள் போட வேண்டும் என்று மேலாளரிடம் நின்றார். முன்பே நின்றிருக்க வேண்டிய இடம் அது. இந்தத் தடவை அவள் மறுபேச்சுப் பேசவில்லை, காலை வேளைக்கு ஒருவரை உட்கார வைத்தாள். இவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. ரசீது அச்சடிக்கிற கருவிக்கு விளக்கம் எழுதச் சொல்லி மாற்றினாள். ரசீது தப்பாகப் போனால் யாருக்கும் இடுப்பு ஒடியாது. முன்னால் 'விளக்கம் சார்' என்றவர்கள் இப்போது 'சார்' என்றார்கள். முதுகுக்குப் பின்னாலும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது, விளக்கெண்ணெய் என்றாவது சொல்லியிருக்கலாம்.

போன் மறுபடியும் அடிக்காமல் கிடந்தது. முன்பும் அப்படித்தான் கிடந்தது, அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. இப்போது காலையில் எழுந்ததும் கை தானாக அதைத் தேடியது. ரோஜாப்பூ வந்திருக்கும். அறையில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்கும். டிரைவர் வீட்டுக்குப் போகலாம், பஸ் அதே பஸ்தான், வழி தெரியாதா என்ன? எந்த முகத்தோடு போவது என்றுதான் தெரியவில்லை. டீச்சர் தரையில் கிடந்தபோது மகளுக்குப் போகாமல் தனக்கு அடித்த போனில் இந்த டீயும் பேச்சும் கலந்திருந்தன என்று அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. மருத்துவமனை வாசல்வரை ஒரு முறை போய், உள்ளே போகத் தைரியம் இல்லாமல் திரும்பி வந்தார். இரண்டாவது நாற்காலியில் துணி ஏறிக்கொண்டே போனது.

மழைக்காலம் வந்து போயிற்று. ஒரு நாள் காலை, சவரம் செய்ய முகத்தில் நுரை பூசிக்கொண்டு நின்றவருக்குப் போன் அடித்தது.

"வணக்கம். காலை விசாரிப்பிலிருந்து பேசுகிறேன். பயப்பட வேண்டாம்" என்றது குரல்.

அழித்தேனே! அழித்துவிட்டு இரண்டு தடவை சரி பார்த்தேனே! யார் வீட்டில் யார் விழுந்து கிடக்கிறார்களோ!

"நீங்கள் அவருடைய கண்டக்டர்தானே?"

"என்ன?"

"நீங்கள் அவருடைய கண்டக்டர் என்று போன வாரம் அவரே சொல்லிப் பதிவு செய்திருக்கிறார். உங்கள் டிரைவர் இன்று காலை மூன்று முறை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. நேரில் போய்ப் பார்க்க முடியுமா?"

அவர்கள் என்ன சொல்லால் சொல்கிறார்களோ அதே சொல்லில் எழுது, நீயாக மாற்றாதே. ஏஜென்ட் மாற்றவில்லை. இது உதாரணம் இல்லை, தப்பு இல்லை. ஒரு மனிதர் அலமாரிக் கண்ணாடியிலிருந்து தாளை எடுத்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்து, இவன் என் ஆள் என்று சொல்லியிருக்கிறார். விளக்கம் சாருக்கு அழுகை வந்தது, அதற்கும் முந்திக்கொண்டு பயம் வந்தது. பாதி நுரையைத் துண்டால் வழித்துக்கொண்டு மாடிப்படி இறங்கி ஓடினார். பஸ்ஸில் உட்கார முடியவில்லை, காலி இருக்கை இருந்தும் நின்றுகொண்டே போனார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி நின்று கிளம்புவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. எழுபத்தைந்துக்கு மேல் ஆன உடம்பு. குளியலறைத் தரை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். மழைக்காலம் முழுக்க எட்டிக்கூடப் பார்க்கவில்லையே பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கதவைக் கையால் தட்டவில்லை, குத்தினார். "ஐயா! ஐயா!"

கதவு உடனே திறந்தது. தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டே நின்றிருந்தது போல. டிரைவர் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு நின்றார். பின்னால் மேசை மேல் போன் இருந்தது, நல்ல சார்ஜோடு. பக்கத்தில் இரண்டு தம்ளர், மூடி வைத்த டீ.

விளக்கம் சார் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், பிறகு மேசை மேல் இருந்த போனைப் பார்த்தார். அப்புறம் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னய்யா இது! கையெட்டுற தூரத்துல வெச்சுக்கிட்டு எடுக்க மாட்டீங்களா? எனக்கு உயிரே போயிருச்சு தெரியுமா? மூணு தடவை கூப்பிட்டிருக்கு! எடுக்க வேண்டியதுதானே?"

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பொத்தானைத் திருகினார். திட்டு வாங்கத் தயாராகத்தான் நின்றிருந்தார்.

"எடுத்தா நீ வர மாட்டியே தம்பி" என்றார்.

விளக்கம் எழுதியே வயிறு வளர்த்த மனிதருக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும், இனி குரல் சொல்லாமலே வர வேண்டும், போனை எடுத்தே ஆக வேண்டும் என்று பெரியவரிடம் சத்தியம் வாங்க வேண்டும். எல்லாம் பேசிக்கொள்ளலாம். காதோரம் காய்ந்துபோன நுரையைத் துடைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.